கணினியில் நொட்டேஷன்: முதல் தாளை எழுதி முடிப்பது வரை

நொட்டேஷன் மென்பொருள் பாட்டைப் பதிவு செய்வதில்லை; பாட்டைப் பற்றிய குறிப்பை எழுதுகிறது. எந்த ஸ்வரம், தாளத்தின் எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்ற மூன்றும் அதற்குத் தெரிந்தால் போதும். அச்சிடக்கூடிய தாளையும் கேட்டுச் சரிபார்க்கக்கூடிய ஒலியையும் அதுவே தந்துவிடும். மைக்கின் முன் பாடினால் ஸ்வரங்கள் தாமாக வரிசைகட்டி நிற்கும் என்று எதிர்பார்த்து இதைத் திறப்பவர்கள் முதல் நாளே சோர்ந்துபோகிறார்கள். காதால் கேட்டு ஸ்வரத்தைப் பிரித்தறிவது எழுதுபவரின் வேலை. எழுதியதைத் திருத்துவது, வரிசைப்படுத்துவது, படி எடுப்பது, சுருதி மாற்றுவது ஆகியவற்றில்தான் கணினி உதவும்.

மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் தீர்மானிக்க வேண்டியது ஒன்று உண்டு: அந்தத் தாளைப் படிக்கப்போவது யார்? பாட்டை ஏற்கெனவே கேட்டவரா, கேட்காதவரா? திருவான்மியூரிலோ மயிலாப்பூரிலோ பாட்டு வகுப்புக்குப் போகும் மாணவரின் நோட்டில் மேல்வரியில் ஸ்வரமும் கீழ்வரியில் சாகித்யமும் இருக்கும். குருவிடம் பத்து முறை கேட்டுப் பாடிய பாட்டு அது. நோட்டின் வேலை ஞாபகப்படுத்துவது மட்டுமே. கமகம் அவர் காதில் இருக்கிறது. சினிமா ஒலிப்பதிவுக்கு வந்து உட்காரும் வயலின் கலைஞரின் நிலை வேறு. அவர் அந்த மெட்டை அதற்குமுன் கேட்டதே இல்லை. எதிரே ஸ்டாண்டில் இருக்கும் தாள் என்ன சொல்கிறதோ அதைத்தான் வாசிப்பார். மயிலாப்பூர் சாயி லாட்ஜில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்ற இளையராஜா, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரியதைக் கையால் ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதிக் கொடுத்தது இதற்காகத்தான். வி.எஸ். நரசிம்மனின் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட், கர்நாடகக் கீர்த்தனைகளை இரண்டு வயலின், வயோலா, செல்லோ என்று நான்கு பேருக்குப் பிரித்து வாசிப்பதும் ஸ்டாஃப் நொட்டேஷனின் துணையால்தான்.

தமிழ்நாட்டில் இந்த இரு வழிகளுக்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1890களிலேயே ஏ.எம். சின்னசாமி முதலியார் தியாகராஜர் கீர்த்தனைகளை ஐரோப்பிய ஐந்து கோடுகளில் அச்சிட்டார். 1904இல் எட்டயபுரத்தில் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி ஸ்வர எழுத்துகளையே வைத்துக்கொண்டு, கமகங்களுக்குத் தனிக் குறிகளைச் சேர்த்தது. தெலுங்கு எழுத்தில் இருந்த அந்த நூலைச் சென்னை மியூசிக் அகாடமி பிற்பாடு தமிழில் பல பாகங்களாகக் கொண்டுவந்தது. கணினியில் எழுதத் தொடங்குபவர் இந்த இரண்டில் எந்த வழியில் போகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

எந்த மென்பொருள்

ஸ்டாஃப் நொட்டேஷனுக்கு, புதிதாகத் தொடங்குபவர் மியூஸ்ஸ்கோரை எடுத்துக்கொள்வது நல்லது. இது இலவசம், திறந்த மூலநிரல். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2022 டிசம்பரில் வந்த நான்காம் பதிப்புக்கு 64 பிட் கணினி தேவை. வீட்டில் பழைய 32 பிட் கணினிதான் இருக்கிறது என்றால் மூன்றாம் பதிப்பைப் போட்டுக்கொள்ளலாம். கற்கும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு எச்சரிக்கை: அதே பெயரில், பாடல்தாள்களைப் பகிரும் தளம் ஒன்றும் இருக்கிறது. சந்தா கேட்பது அந்தத் தளம்தான், மென்பொருள் அல்ல. பணம் கட்டச் சொல்லும் பக்கத்தில் வந்து நின்றால் தவறான கதவைத் தட்டியிருக்கிறோம் என்று பொருள். மியூஸ் சவுண்ட்ஸ் என்னும் கூடுதல் ஒலித் தொகுப்பு பல ஜிபி இடம் பிடிக்கும். ஆரம்பத்தில் அது வேண்டியதில்லை.

விலை கொடுத்து வாங்குவனவற்றில் 1993இல் வந்த சிபேலியஸும், 2016இல் வந்த டோரிக்கோவும் தொழில்முறைக் கலைஞர்கள் கையில் இருப்பவை. நீண்டகாலம் கோலோச்சிய ஃபினாலேயின் மேம்பாடு 2024 ஆகஸ்டோடு நிறுத்தப்பட்டுவிட்டது. அதில் எழுதிய பழைய கோப்புகளை வைத்திருப்பவர்கள், அது திறக்கும் நிலையில் இருக்கும்போதே எல்லாவற்றையும் மியூசிக் எக்ஸ்எம்எல் வடிவில் ஒரு படி எடுத்துவிட வேண்டும். அந்த வடிவத்தை மற்ற மென்பொருள்களும் படிக்கும். எழுத்தாகத் தட்டச்சு செய்தே அழகான தாளை உண்டாக்க விரும்புபவர்களுக்கு லில்லிபாண்ட் இருக்கிறது. கர்நாடக ஸ்வரங்களைத் தட்டச்சு செய்து கமகத்தோடு ஒலிக்கவைப்பதற்கென்றே எழுதப்பட்ட 'காயக' என்ற மென்பொருளும் உண்டு.

கருவிகளைப் பொறுத்தவரை, மௌஸ் இருந்தால் போதும். மடிக்கணினியின் தொடுபலகையோடு மல்லுக்கட்டுவது முதல் வாரத்திலேயே வெறுப்பைத் தரும். வீட்டில் கேசியோ அல்லது யமஹா கீபோர்டு இருந்தால், அதன் பின்புறத்தில் சதுரமான யுஎஸ்பி துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் பிரிண்டருக்குப் போடும் அதே கேபிள் போதும், ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும். பாலவாக்கம், நீலாங்கரைப் பக்கம் கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று இந்தத் துளைகளின் உலோகத்தைப் பூக்கவைத்துவிடும். கீபோர்டு திடீரென்று இணைய மறுத்தால் மென்பொருளைக் குறை சொல்வதற்கு முன் துளையையும் கேபிளின் முனையையும் துடைத்துப் பார்ப்பது நல்லது. வாசிக்காத நேரத்தில் கீபோர்டைத் துணியால் மூடிவைப்பதும், கேபிளைக் கழற்றி டப்பாவில் போடுவதும் கடலோரத்தில் அவசியமான பழக்கங்கள்.

முதல் தாள்: மாயாமாளவகௌளையில் முதல் சரளி வரிசை

சிறியதொரு பாடத்தை முழுதாக எழுதி முடிப்பதே கற்பதற்குச் சிறந்த வழி. எல்லோருக்கும் தெரிந்த முதல் சரளி வரிசையை எடுத்துக்கொள்ளலாம்: ஸ ரி க ம ப த நி ஸ, பிறகு அவரோகணம். ஆதி தாளம், இரண்டு ஆவர்த்தனம், பதினாறு ஸ்வரம்.

ஒரு கட்டையை, அதாவது சி-யை, ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் மாயாமாளவகௌளை இப்படி விழும்: சி, டி ஃபிளாட், இ, எஃப், ஜி, ஏ ஃபிளாட், பி, மேல் சி. இங்கேதான் பலர் முதல் தவறைச் செய்கிறார்கள். இரண்டு ஃபிளாட் என்றதும் பட்டியலில் உள்ள இரண்டு ஃபிளாட் கீ சிக்னேச்சரைப் போட்டுவிடுகிறார்கள். அது பி-யையும் இ-யையும் ஃபிளாட் ஆக்கும். காந்தாரமும் நிஷாதமும் இறங்கி ரிஷபமும் தைவதமும் ஏறி நிற்கும். பாட்டு வேறொரு ராகமாகிவிடும். மேற்கத்திய மேஜர், மைனர் அளவுகோல்களுக்காகச் செய்யப்பட்ட பட்டியலில் 72 மேளங்களில் பெரும்பாலானவற்றுக்கு இடமில்லை. ஆகவே ராகத்துக்குரிய சிக்னேச்சரை நாமே செய்துகொள்ள வேண்டும். ஷிஃப்டையும் எஃப்9-ஐயும் சேர்த்து அழுத்தினால் மாஸ்டர் பேலட் திறக்கும். அதில் கீ சிக்னேச்சர் பகுதிக்குப் போய், காலியான கோடுகளில் ஃபிளாட் குறியை டி இருக்கும் இடத்திலும் ஏ இருக்கும் இடத்திலும் இழுத்துப் போட்டு, சேர்க்கும் பொத்தானை அழுத்தினால் மாயாமாளவகௌளை தயார். ஒருமுறை செய்து வைத்துவிட்டால் கீதத்துக்கும் அலங்காரத்துக்கும் அதுவே உதவும். இதைப் போட்டுவிட்ட பிறகு டி என்ற எழுத்தைத் தட்டினாலே டி ஃபிளாட் விழும். ஒவ்வொரு முறையும் குறி சேர்க்க வேண்டியதில்லை.

தாளமும் அப்படித்தான். ஆதி தாளத்தை 4/4 என்று எழுதிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. வாசிப்பவருக்கு அதனால் கெடுதல் இல்லை என்றாலும், ஒரு ஆவர்த்தனம் இரண்டு துண்டாகிவிடுகிறது. சமம் எது, திருதம் தொடங்கும் இடம் எது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. மாஸ்டர் பேலட்டின் டைம் சிக்னேச்சர் பகுதியில் மதிப்பை 8/4 என்று வைத்து, மேலே தெரியும் எழுத்தை 4+2+2 என்று மாற்றினால் லகுவும் இரண்டு திருதமும் தாளிலேயே தெரியும். மிச்ர சாபுவுக்கு 7/8-ஐ 3+4 என்றும், கண்ட சாபுவுக்கு 5/8-ஐ 2+3 என்றும் எழுதலாம்.

இனி ஸ்வரம். என் என்ற எழுத்தை அழுத்தினால் எழுதும் நிலை வரும். 5 என்ற எண் கால்நோட், அதாவது இங்கே ஒரு அட்சரம். பிறகு சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி, சி என்று எழுத்துகளைத் தட்டிக்கொண்டே போனால் ஆரோகணம் வந்துவிடும். மென்பொருள் முந்தைய ஸ்வரத்துக்கு மிக அருகில் உள்ள ஸ்தாயியைத் தானே எடுத்துக்கொள்ளும். தப்பான ஸ்தாயியில் விழுந்தால் கண்ட்ரோலோடு மேல் அம்பையோ கீழ் அம்பையோ அழுத்தலாம். அதே வழியில் இறங்கி வந்தால் பதினாறும் முடிந்தது. இடைவெளி விசையைத் தட்டினால் ஒலிக்கும்.

இரண்டாம் காலத்துக்கு மறுபடி தட்ட வேண்டாம். முதல் பட்டியை, அதாவது மெஷரைச் சொடுக்கி, ஷிஃப்டோடு கடைசிப் பட்டியைச் சொடுக்கி, கண்ட்ரோல்-சி கொடுத்து, அடுத்த காலிப் பட்டியைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், ஷிஃப்ட், க்யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எல்லா ஸ்வரமும் பாதி நேர அளவில் ஒட்டும். பதினாறு ஸ்வரமும் ஒரே ஆவர்த்தனத்துக்குள் அடங்கி நிற்பதைப் பார்க்கும்போது, காலம் என்பது என்ன என்று வகுப்பில் வாயால் சொல்லி விளங்காத பிள்ளைகளுக்கும் விளங்கிவிடும். பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே இதைப் பழகிக்கொள்ளலாம்.

வரிக்கு ஒரு ஆவர்த்தனம் என்று வைத்தால் கையால் தாளம் போட்டபடி படிக்க வசதி. பட்டியின் முடிவுக் கோட்டைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினால் வரி அங்கே முடியும்.

தமிழில் சாகித்யம்

முதல் ஸ்வரத்தைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்-எல் அழுத்தினால் அதன் கீழே எழுதலாம். ஒரு சொல் முடிந்தால் இடைவெளி, ஒரே சொல்லின் அடுத்த அசைக்குச் சிறுகோடு, ஒரே அசை பல ஸ்வரங்களுக்கு நீண்டால் அடிக்கோடு. இந்த மூன்றே விதிகள்தான்.

தட்டச்சுக்கு யூனிகோடே வேண்டும். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ் 99 விசைமுறையானாலும், ஆங்கில ஒலிப்பு முறையானாலும் சரி. பழைய பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்த சாகித்யத்தை ஒட்டினால் குப்பையாகத் தெரியும். அதை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும். எழுத்துருவை நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது நிர்மலா என்று ஒருமுறை ஸ்டைல் அமைப்பில் வைத்துவிட்டால், வேறு கணினியில் திறக்கும்போது கொம்பும் காலும் பிரிந்து தொங்காது.

தமிழ் விசைமுறையிலேயே விட்டுவிட்டு ஸ்வரம் எழுதத் திரும்பினால் என், சி, டி என்று எதைத் தட்டினாலும் ஒன்றும் நடக்காது. மென்பொருள் உறைந்துவிட்டது என்று பயந்து அதை மூடுபவர்கள் பலர். ஆங்கில விசைக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும்.

இன்னொரு சிக்கல் தமிழுக்கே உரியது. தெலுங்கு, சமஸ்கிருத சாகித்யங்களைத் தமிழில் அச்சிடும்போது க, ச, ட, த, ப வர்க்க ஒலிகளைக் காட்ட எழுத்தின் மேல் 2, 3, 4 என்று எண் போடுவது வழக்கம். ரி1, ரி2 என்று ஸ்வரஸ்தானத்துக்கும் எண் போடுகிறோம். இரண்டும் ஒரே தாளில் வந்தால் படிப்பவர் தடுமாறுவார். ஸ்வரஸ்தான எண்களைத் தலைப்பில் ஆரோகண அவரோகணத்தோடு நிறுத்திக்கொண்டு, உள்ளே சாகித்யத்துக்கு மட்டும் எண் போடுவது தெளிவான வழி.

எடுப்பும் கட்டையும்

சமத்தில் எடுக்காத பாட்டுகளே அதிகம். அரை இடம், முக்கால் இடம், ஒன்றரை இடம் தள்ளி எடுக்கும் கீர்த்தனையை எழுதும்போது, மேற்கத்திய முறையில் உள்ள குறைப்பட்டியைத் தொடக்கத்தில் வைத்துவிடும் சபலம் வரும். வைக்கக் கூடாது. சமத்துக்கு முன்னால் எடுக்கும் அதீத எடுப்புக்குத்தான் அது பொருந்தும். தாளம் போட ஆரம்பித்த பிறகு எடுக்கும் பாட்டுக்கு, பட்டியின் தலையில் ஓய்வுக் குறியைப் போட வேண்டும். 0 என்ற விசை அதற்கு. அப்போதுதான் ஒவ்வொரு பட்டியின் தொடக்கமும் சமமாகவே இருக்கும்.

மாணவருக்கான தாளை எப்போதும் ஒரு கட்டையிலேயே எழுதிவிடலாம். பாடுபவர் தம் சுருதிக்கு மனத்தில் மாற்றிக்கொள்வார். பக்கவாத்தியமாக ஸ்டாஃப் நொட்டேஷன் படித்து வாசிப்பவருக்கு அப்படிக் கொடுக்க முடியாது. ஐந்தரைக் கட்டையில் பாடுபவருக்கு ஜி ஷார்ப்தான் ஸட்ஜம். டூல்ஸ் பகுதியில் டிரான்ஸ்போஸ் செய்தால் மொத்தத் தாளும் ஒரே நொடியில் மாறும். மாற்றிய பிரதியைத் தனிப் பெயரில் சேமித்து, ஒரு கட்டை மூலத்தைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும்.

கமகம்

மென்பொருள் ஒலிக்கவைப்பது சமமாகப் பிரித்த பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களை. தோடியின் காந்தாரத்தை அதில் எழுதிக் கேட்டால் அசையாத ஒரு இ ஃபிளாட் ஒலிக்கும். தோடி பாடுபவர் அந்த இடத்தில் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஆடிக்கொண்டிருப்பார். தாளில் இருப்பது ஸ்வரத்தின் பெயர் மட்டும். அந்த ஒலியைக் கேட்டுப் பாட்டுப் பழகுவது பெருந்தீங்கு. பிள்ளைகளிடம் ஒலிக்கோப்பைக் கொடுத்து வீட்டில் கேட்டுப் பாடச் சொல்லவே கூடாது. ஸ்வரம் விட்டுப்போயிருக்கிறதா, தாளம் கூடுகிறதா என்று எழுதியவர் சரிபார்க்க மட்டுமே அந்த ஒலி.

கமகத்தைத் தாளில் காட்ட, சுப்பராம தீட்சிதர் கையாண்ட குறிகளில் சில எந்த விசைப்பலகையிலும் உள்ளவை: கம்பிதத்துக்கு அலைக்கோடு, ஏற்ற ஜாருவுக்கு மேலேறும் சாய்கோடு, இறக்க ஜாருவுக்கு இறங்கும் சாய்கோடு. கண்ட்ரோல்-டி (T) அழுத்தி ஸ்வரத்தின் மேல் இவற்றை எழுதிவிடலாம். பாட்டைக் கேட்டிராத வயலின் கலைஞருக்கு இது போதாது. அவருக்கு அந்த ஆட்டத்தையே சிறுசிறு நோட்டுகளாகப் பிரித்து எழுத வேண்டும். எல்லாக் கமகத்தையும் பிரித்து எழுதினால் தாள் எறும்புப் புற்றாகிவிடும். ராகத்தின் உயிர் நிற்கும் நாலைந்து இடங்களை மட்டும் பிரித்து எழுதி, மற்றதை ஒத்திகையில் பாடிக்காட்டுவதே முறை.

கோடுகள் வேண்டாதவர்களுக்கு

ஸ்வர எழுத்தே போதும் என்பவர்களுக்கு நொட்டேஷன் மென்பொருளே தேவையில்லை, விரிதாள் போதும். லிப்ரே ஆஃபீஸ் கால்க் இலவசம். ஆதி தாளத்துக்கு எட்டு கட்டம். நான்காவதும் ஆறாவதும் முடியும் இடத்தில் தடித்த கோடு, எட்டின் முடிவில் இரட்டைக் கோடு. ஒரு வரியில் ஸ்வரம், அடுத்த வரியில் சாகித்யம். வெறும் எழுத்தாகத் தட்டச்சு செய்தால் ஒரு ஸ்வரத்தைத் திருத்தியவுடன் வரி முழுவதும் நகர்ந்து சாகித்யம் இடம் தவறும். கட்டத்துக்குள் அது நடக்காது. கார்வைக்கு ஒரு அளவுக்குக் காற்புள்ளி, இரண்டு அளவுக்கு அரைப்புள்ளி என்ற நோட்டுப் புத்தக வழக்கமே இங்கும். இரண்டாம் காலத்தைக் காட்டும் மேல்கோட்டுக்குக் கட்டத்தின் மேல் விளிம்பையே கோடாக்கலாம். லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரில் எழுதுபவர்களுக்கு எழுத்துரு விளைவுகளில் மேல்கோடு என்றே தனி வசதி இருக்கிறது.

தாரஸ்தாயி, மந்த்ரஸ்தாயிப் புள்ளிகள்தான் தொல்லை. ரி, நி போன்ற எழுத்துகளில் புள்ளி கொக்கியின் மேல் ஏறி உட்காரும், அல்லது வெற்றுவட்டமாகத் தெரியும். கட்டத்துக்கு ஒரே ஸ்வரம் என்று வைத்துக்கொண்டு, ஸ்வர வரிக்கு மேலும் கீழும் ஒல்லியான வரி ஒன்றைச் சேர்த்துப் புள்ளியை அங்கே நடுவில் இடுவது எந்தக் கணினியிலும் குலையாது. ஸ்தாயிக்கு நிறம் கொடுக்க வேண்டாம். ஜெராக்ஸ் எடுத்ததும் எல்லாம் கறுப்பாகிவிடும்.

சேமிப்பதும் அச்சிடுவதும்

மின்வெட்டுக்குப் பயந்து தானியங்கிச் சேமிப்பை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று பிரிஃபரன்ஸில் வைக்க வேண்டும். கோப்பின் பெயரில் பாட்டு, ராகம், கட்டை மூன்றும் இருக்கட்டும்.

அச்சுக்கு பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்துதான் கடைக்கு அனுப்ப வேண்டும்; மூலக் கோப்பை ஜெராக்ஸ் கடைக் கணினி திறக்காது. ஏ4 தாள், ஸ்டாஃப் இடைவெளி 1.75 மி.மீ. என்று வருவதை 2 மி.மீ. ஆக்கினால் ஸ்டாண்டில் வைத்துத் தள்ளி உட்கார்ந்து படிக்க முடியும். பல வாத்தியங்களுக்கு எழுதியிருந்தால் பார்ட்ஸ் என்ற பொத்தான் ஒவ்வொருவர் பங்கையும் தனித்தாளாகப் பிரித்துக் கொடுக்கும். முன்பு ஒலிப்பதிவுக் கூடங்களில் காப்பியிஸ்டுகள் கண்விழித்துச் செய்த வேலை அது. ஒரு பங்கில் பக்கம் திருப்பும் இடம் ஓய்வுக் குறியில் விழுகிறதா என்று மட்டும் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

எழுதியதை மற்றவர்களுக்குப் பரப்புவதற்கு முன் பதிப்புரிமையும் கவனிக்கத்தக்கது. மும்மூர்த்திகளின் கிருதிகளுக்குத் தடையில்லை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த பின் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும் என்பதால், 1973இல் காலமான பாபநாசம் சிவன் தம் வாழ்நாளில் வெளியிட்ட கீர்த்தனைகளுக்கு 2033 முடியும்வரை உரிமை உண்டு. சொந்தப் பயிற்சிக்கு எழுதிவைப்பதும் அச்சிட்டு விற்பதும் ஒன்றல்ல. விற்பதானால் உரிமையாளரிடம் எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும்.